ஒருவர் உறங்க, ஒருவர் விழிக்க

ஒரு போர்ப் படகைக் கட்டியவர்கள் எதைப் பெரிதாக நினைத்தார்கள், எதைக் கடைசியாக நினைத்தார்கள் என்பதை, அதில் மனிதர் படுப்பதற்கு ஒதுக்கிய இடம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய ரோந்து டார்பிடோ படகுகளில் முதல் இடம் வேகத்துக்கு. அடுத்தது டார்பிடோவுக்கும் துப்பாக்கிக்கும். அதற்கு அடுத்தது அந்த வேகத்துக்குத் தீனி போடும் பெட்ரோலுக்கு. இவையெல்லாம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடத்தில் மனிதர்கள் உறங்கினார்கள்.

பி.டி. படகு என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இவற்றை நியூஜெர்சியின் பயோன் நகரில் எல்கோ நிறுவனமும், நியூ ஆர்லியன்ஸில் ஹிக்கின்ஸ் நிறுவனமும் கட்டின. எல்கோவின் போர்க்காலப் படகு 80 அடி நீளம். ஹிக்கின்ஸ் படகு 78 அடி. உடல் முழுதும் மரம். மகோகனிப் பலகைகளை இரண்டு அடுக்காக வைத்து, நடுவே பசை தோய்த்த துணியைக் கொடுத்து இறுக்கினார்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்து ஓர் அங்குல அளவுதான் கனம். உள்ளே மூன்று பேக்கர்ட் எஞ்சின்கள். தொட்டிகளில் 3,000 கேலன், நம் கணக்கில் 11,000 லிட்டருக்கும் மேல், விமானங்களுக்கு ஊற்றும் உயர்ரகப் பெட்ரோல். நல்ல நிலையில் இருந்தால் படகு 40 நாட் வேகத்தைத் தொடும். அதில் 12 முதல் 17 பேர் வரை வாழ்ந்தார்கள்.

வாழ்ந்தார்கள் என்று சொல்லத்தான் வேண்டும். எல்கோ படகின் முன்பாதியில், மேல்தளத்துக்குக் கீழே, மாலுமிகள் படுக்கும் அறை இருந்தது. சுவரோரமாகக் குறுகிய பெர்த்கள், துணிமணி வைக்கச் சிறு பெட்டிகள். பக்கத்தில் சமையலறை, சாப்பிடும் இடம், அதிகாரிகளுக்கு ஒரு சிறிய அறை. படகின் நடுவில் பெட்ரோல் தொட்டிகள். அவற்றுக்குப் பின்னால் எஞ்சின் அறை. படுத்திருப்பவனின் ஒரு பக்கம் அங்குல கனத்தில் மரம், அதற்கு அப்பால் கடல். பின்பக்கம் தொட்டி நிறையப் பெட்ரோல். கவசத் தகடு என்று எதுவும் அவனைச் சுற்றி இல்லை. ஒரு குண்டுத்துண்டு உள்ளே நுழைந்தால் போதும், படகே தீப்பந்தமாகிவிடலாம் என்பது படகில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஓர் இடத்தில் ஒரு மனிதனால் எப்படிக் கண்மூட முடிந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு முன், அவர்கள் எப்போது தூங்கினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பி.டி. படகு இரவில் வேட்டைக்குப் போகும் படகு. பகலில் விமானத்தின் கண்ணில் பட்டால் அதற்குத் தப்ப வழி குறைவு. பசிபிக் பெருங்கடலில், சாலமன் தீவுகளிலும் நியூகினிக் கரையிலும், மாலை மங்கும்போது படகுகள் கிளம்பும், விடியும்போது திரும்பும். திரும்பியவுடன் படுக்கைக்குப் போக முடியாது. முன்னணித் தளங்களில், முக்கியமாகத் தொடக்க காலத்தில், பெட்ரோல் 55 கேலன் பீப்பாய்களில்தான் வந்தது. அதைக் கையால் இறைத்து, தண்ணீரும் தூசும் கலக்காதபடி மென்தோலில் வடிகட்டி, தொட்டியில் ஊற்ற வேண்டும். காலித் தொட்டி நிரம்ப ஐம்பதுக்கு மேற்பட்ட பீப்பாய்கள் தேவை. பிறகு உப்பு படிந்த துப்பாக்கிகளைக் கழற்றித் துடைக்க வேண்டும். எஞ்சினில் பழுது பார்க்க வேண்டும். ஆற்றின் முகத்துவாரத்தில், மரங்களின் கீழ், வலையும் தழையும் போட்டுப் படகை மறைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் தூக்கம். அதற்குள் வெயில் ஏறியிருக்கும். பூமத்தியரேகைக்குப் பக்கத்துப் பகல் வெப்பத்தில் கீழ் அறை வெந்துகொண்டிருக்கும். பெட்ரோல் வாடை, எண்ணெய்ப் புழுக்கம், காயாத துணியின் நாற்றம்.

அதனால் பலர் அந்த பெர்த்தை விட்டுவிட்டு மேல்தளத்தில் படுத்தார்கள். டார்பிடோவுக்கும் கேபினுக்கும் இடையில் கிடைத்த சந்தில், உயிர்காப்பு மேலங்கியைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வெறும் பலகையில். மழை வந்தால் நனைந்தார்கள். கொசு கடித்தது. மலேரியாவுக்குப் பயந்து விழுங்கிய அட்டப்ரின் மாத்திரையால் தோல் மஞ்சளாகியது. படகு வேகமெடுத்தால் மூக்கு எழும்பி எழும்பி அலையில் அறைந்து விழும். முன் அறையில் அந்த நேரம் யாரும் படுக்க முடியாது. அந்த அறை, ஓடாத படகில், சூடில்லாத நேரத்தில், எதிரி வராத பொழுதில் மட்டும் பயன்படுகிற அறை. அந்த மூன்றும் ஒன்றுகூடிய நாட்கள் அந்தக் கடலில் அதிகம் இல்லை.

ஓர் இரவைப் பார்ப்போம். 1942 மார்ச் 11 அன்று மாலை, பிலிப்பைன்ஸின் கொரிஜிடார் தீவுப் பகுதியிலிருந்து, ஜப்பானியரிடம் சிக்காமல் தப்பிச் செல்ல நான்கு பி.டி. படகுகள் புறப்பட்டன. ஜான் பல்க்லி தலைமையிலான பி.டி. 41-இல் ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரும், அவர் மனைவியும், நான்கு வயது மகனும், அவனை வளர்த்த சீனத் தாதியும் இருந்தார்கள். கடல் கொந்தளித்தது. ஒரு பெரும் படையின் தளபதி கடல் நோயில் துவண்டு ஒரு மெத்தையில் கிடந்தார். மனைவி பக்கத்தில் இருந்து கைகளைத் தேய்த்துவிட்டார். குழந்தையும் தாதியும் கீழ் அறையில் சுருண்டு கிடந்தார்கள். அந்த இரவில் படகில் பதவிக்கு எந்த மதிப்பும் இருந்திருக்காது. மேலே சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருட்டைத் துளைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சில இளைஞர்களின் கண்கள்தான் அந்தக் குழந்தைக்கும் தளபதிக்கும் ஒரே கவசம்.

அப்படி ஓர் இடத்தில் எப்படிக் கண்மூட முடிந்தது என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. பி.டி. படகில் உறங்கியவனை மரம் காக்கவில்லை, இரும்பு காக்கவில்லை. கண்விழித்திருந்த இன்னொருவன் காத்தான். பெரிய போர்க்கப்பலில் ஆயிரம் பேருக்கு நடுவில் இருக்கும் மாலுமி, தன்னைக் காப்பது கப்பல் என்று நினைத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கிற படகில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. இப்போது விழித்திருப்பவன் யார், அவன் பெயர் என்ன, எந்த ஊர், நேற்று எவ்வளவு களைத்திருந்தான், கடிதம் வராமல் எத்தனை நாளாக முகம் வாடியிருக்கிறான் என்பதெல்லாம் படுத்திருப்பவனுக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் கண்மூடுகிறான். சமைப்பவனே சண்டையில் துப்பாக்கிக்கும் நின்றான். காலையில் இவனுக்குக் காப்பி கொடுத்த கைதான் இரவில் இவன் உயிருக்கும் பொறுப்பு.

உறக்கத்தைப் பற்றிச் சற்று நினைத்துப் பார்த்தால், அதைப் போல ஒப்படைப்பு வேறு இல்லை. பணத்தை நம்பிக் கொடுக்கிறவன் பாதியைக் கையில் வைத்துக்கொள்கிறான். சொல்லை நம்புகிறவன் சந்தேகத்துக்கு ஒரு மூலையை விட்டுவைக்கிறான். உறங்குகிறவனிடம் எதுவும் மிச்சம் இல்லை. கண், காது, கை, அறிவு எல்லாவற்றையும் கழற்றிப் பிறரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஒருவன் தூங்க முடியும். அன்பை வாயால் சொல்லலாம்; நடிக்கவும் செய்யலாம். ஆபத்துக்கு நடுவில் ஒருவனை நம்பித் தூங்குவதை மட்டும் யாராலும் நடிக்க முடியாது.

அந்த நம்பிக்கை சோதிக்கப்பட்ட ஓர் இரவு உலகம் அறிந்தது. 1943 ஆகஸ்ட் 1 அன்று பிற்பகல் ஜப்பானிய விமானங்கள் சாலமன் தீவுகளின் ரெண்டோவா தளத்தைத் தாக்கின. இரண்டு பி.டி. படகுகள் அழிந்தன, இரண்டு பேர் இறந்தார்கள். உறங்க வேண்டிய பகல் அப்படிக் குலைந்த அதே நாளின் இரவில் 15 படகுகள் பிளாக்கெட் நீரிணைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று பி.டி. 109. அதன் தலைவர் 26 வயது ஜான் கென்னடி. படகில் 13 பேர். கடல்நீரில் ஒளிரும் நுண்ணுயிர்கள் படகின் பின்னால் வெண்கோடு இழுத்து விமானங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதால், ஒரே ஓர் எஞ்சினை மட்டும் பூட்டி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நிலவில்லாத இரவு. காவல் முறை இல்லாத சிலர் மேல்தளத்தில் படுத்திருந்தார்கள். இரவு இரண்டரை மணி அளவில் இருட்டிலிருந்து ஒரு வடிவம் எழுந்தது. முதலில் அதைத் தங்கள் படகுகளில் ஒன்று என்றே நினைத்தார்கள். அது ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அமகிரி. சில நொடிகளில் அது பி.டி. 109-ஐ முட்டிப் பிளந்துவிட்டது. ஹரால்ட் மார்னி, ஆண்ட்ரூ கிர்க்ஸி என்ற இருவர் அங்கேயே மறைந்தார்கள். கடலில் பெட்ரோல் எரிந்தது.

அந்த நொடியில் கீழ்த்தளத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். எஞ்சின் அறையில் இருந்த பேட்ரிக் மக்மேஹன். கடுமையான தீக்காயங்களோடு அவர் தப்பினார். முன் அறையின் பெர்த்கள் காலியாக இருந்தன. பின்பாதி உடைந்து போக, நீர் புகாத தடுப்புகள் கொண்ட முன்பாதி மூழ்காமல் மிதந்தது. உயிரோடு இருந்த 11 பேரும் விடியும் வரையிலும் அதற்குப் பிறகும் அதைப் பற்றிக்கொண்டுதான் பிழைத்தார்கள். சூட்டுக்குப் பயந்து அவர்கள் ஒதுக்கி வைத்த அந்த அறை, தன்னுள் இருந்த காற்றால் அவர்களைத் தாங்கியது. முன்பாதியும் கவிழ்ந்து அமிழத் தொடங்கிய பிறகே நீந்தக் கிளம்பினார்கள். மக்மேஹனின் உயிர்காப்பு மேலங்கியின் வாரைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு கென்னடி பல மணி நேரம் நீந்தினார். ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் ஏறினார்கள்.

கரை சேர்ந்த பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் தொடுகிறது. முப்பது மணி நேரத்துக்கும் மேலாக உருப்படியாகத் தூங்காத அந்த மனிதர், அன்று இரவே ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடலில் இறங்கினார். தங்கள் படகுகள் அந்த வழியாக வந்தால் சைகை காட்டலாம் என்று ஃபெர்குசன் நீரிணையின் நடுவில் போய் நின்றார். படகு எதுவும் வரவில்லை. அடுத்த இரவு ஜார்ஜ் ராஸ் போனார். அப்போதும் எதுவும் வரவில்லை. படகு உடைந்துவிட்டது, துப்பாக்கிகள் போய்விட்டன, பெர்த் இல்லை, கூரை இல்லை, சோறு இல்லை. ஒரே ஒரு வழக்கம் மட்டும் உடையாமல் கூட வந்திருந்தது: மற்றவர்கள் படுத்திருக்கும்போது ஒருவர் விழித்திருப்பது. முறை வைத்துக்கொண்டு விழித்திருப்பது.

இதோடு முடித்துவிட்டால் இது தோழமையைப் புகழும் கதையாக நின்றுவிடும். மறுபக்கத்தையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். தங்களுக்குள் உறக்கத்தை இவ்வளவு கவனமாகக் காத்த இந்த மனிதர்களின் வேலை, பிறர் உறக்கத்தைக் கலைப்பதுதான். நியூகினிக் கரையில் பட்டினி கிடந்த ஜப்பானியப் படைகளுக்கு அரிசியும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு இரவில் ஊர்ந்த டைஹாட்சு என்னும் தட்டைப் படகுகளை பி.டி. படகுகள் தேடித் தேடி அழித்தன. அந்தத் தட்டைப் படகுகளிலும் தோளில் தலை சாய்த்துத் தூங்கிய இளைஞர்கள் இருந்திருப்பார்கள். முனையில் ஒருவன் அவர்களுக்காக விழித்திருந்திருப்பான். 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடல் போர் முடிந்தபின், மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பி மிதவைகளில் கிடந்த ஜப்பானியர்களையும் விமானங்களும் பி.டி. படகுகளும் சுட்டுக் கொன்றன. கரை ஏறினால் மறுபடி சண்டைக்கு வருவார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். காரணம் எதுவானாலும், நடந்தது நடந்ததுதான்.

ஜப்பானியரும் இதில் குறைந்தவர்கள் அல்லர். குவாடல்கனால் தீவின் மேல் இரவில் தனியாக ஒரு விமானம் வந்து வட்டமிடும். எஞ்சின் சத்தத்தை வைத்து அமெரிக்கப் படைவீரர்கள் அதற்கு வாஷிங் மெஷின் சார்லி என்று பெயரிட்டிருந்தார்கள். அது போடும் குண்டுகள் பெரிய சேதம் செய்வதில்லை. கீழே இருப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்வதே அதன் முக்கிய வேலை. ஒரு நாடு, விமானம் ஒன்றையும் விமானி ஒருவனையும் எரிபொருளையும் செலவழித்து, எதிரியின் உறக்கத்தை மட்டும் திருட அனுப்புகிறது. போரின் இயல்பை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அது நிலத்தைப் பிடிப்பதற்கு முன்பே உறக்கத்தைப் பிடித்துவிடுகிறது.

அப்படியென்றால், அந்தப் படகில் இருந்த நம்பிக்கை பொய்யா? இல்லை. அது உண்மை. ஆனால் அது 80 அடி நீளத்துக்கு மட்டுமே உண்மை. படகின் விளிம்பில் அது முடிந்துபோனது. விளிம்புக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்காக ஒருவன் தன் கண்ணைக் கொடுப்பான். அந்தப் பக்கம் இருப்பவனின் கண்ணை மூடவே அவன் அனுப்பப்பட்டிருக்கிறான். இரண்டையும் செய்தது ஒரே மனிதன்தான். அன்பில்லாதவர்கள் போர் செய்கிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் படகுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்தான் அந்தப் போரைச் செய்தார்கள். அவர்களிடம் அன்பு குறையவில்லை. அது நிற்க வேண்டிய எல்லையை வேறு யாரோ வரைந்து கொடுத்திருந்தார்கள்.

எல்லை நகரக் கூடியது என்பதற்கும் அதே கதையில் சாட்சி இருக்கிறது. அந்த 11 பேரைக் கண்டவர்கள் சாலமன் தீவுக்காரர்களான பியுகு காசா, எரோனி குமானா என்ற இருவர். நேச நாட்டுக் கரைக் கண்காணிப்பாளர் ரெக் எவன்ஸுக்கு உளவு பார்த்தவர்கள். அந்தப் போர் அவர்கள் தொடங்கியது அல்ல. அவர்களது கடலுக்குள் வெளியார் கொண்டுவந்து கொட்டியது. இருந்தும், இளநீர் ஓட்டில் கென்னடி கீறிக் கொடுத்த செய்தியை எடுத்துக்கொண்டு, ஜப்பானியர் காவல் புரிந்த நீர்வழியே சிறு ஓடத்தில் ரெண்டோவா வரை துடுப்புப் போட்டார்கள். பிடிபட்டிருந்தால் அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு? ஆகஸ்ட் 8 அதிகாலையில் 11 பேரும் மீட்கப்பட்டார்கள். அந்தப் படகின் காவல் பட்டியலில் இல்லாத இருவர், முன்பின் பார்த்திராத மனிதர்களுக்காக விழித்திருந்தார்கள்.

இன்னொரு சாட்சி அமகிரியின் தலைவர் கோஹெய் ஹனாமி. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1952-இல், அவர் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். இருவருக்கும் நட்பு உண்டானது. கென்னடி தன் புகைப்படத்தில், முன்னாள் எதிரி, இந்நாள் நண்பர் என்ற பொருளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மார்னியும் கிர்க்ஸியும் அதனால் திரும்பி வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் நிரூபணமாகிவிட்டது. 1943-இல் அந்த நீரிணையில் இருந்த அதே இரண்டு மனிதர்கள்தான் இவர்கள். மனிதர்கள் மாறவில்லை; கோடுதான் மாறியிருந்தது. இப்போது மாற முடிந்த கோடு, அப்போதும் மாறியிருக்க முடியும்.

போர் முடிந்ததும் படகுகள் யாருக்கும் தேவைப்படவில்லை. மர உடல் உளுத்துக்கொண்டிருந்தது. திருப்பிக் கொண்டுபோகும் செலவுக்கு மதிப்பில்லை. 1945 இறுதியில் பிலிப்பைன்ஸின் சமார் தீவுக் கரையில், பயன்படும் பொருட்களைக் கழற்றிக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளைக் கொளுத்தினார்கள். பெர்த்கள் எரிந்தன. இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில் உள்ள பி.டி. 617, பி.டி. 796, நியூ ஆர்லியன்ஸில் உள்ள பி.டி. 305 ஆகியவை அடங்கும். மத்தியதரைக் கடலில் போரிட்ட இந்த 305, பிறகு சிப்பி அள்ளும் படகாகப் பிழைத்து, பழையபடி சீரமைக்கப்பட்டு 2016-இல் மீண்டும் நீரில் இறங்கியது. அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியின் முன்தான் நிற்பார்கள். வேகத்தைக் கேட்டு வியப்பார்கள். அந்தப் படகுகள் நமக்குக் கற்றுத்தரக் கூடியது உறங்கும் அறையில் இருக்கிறது.

அது கற்றுத்தருவது இதுதான். உறக்கம் தனி மனிதனின் சொத்து அல்ல; பிறர் தரும் கொடை. அந்தப் படகில் கொடுத்தவன் பெயர் தெரிந்தது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. ஓடும் ரயிலில் நாம் கண்மூடும்போது எஞ்சினில் ஒருவர் அடுத்த சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையில் நம்மவர் உறங்கும்போது இரவுப் பணி செவிலியர் ஒருவர் சொட்டு மருந்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். நாம் உறங்கிய ஒவ்வோர் இரவும் யாரோ ஒருவரின் விழிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. முறை என்று ஒன்று அந்தப் படகில் இருந்தது: உறங்கி எழுந்தவன் அடுத்து விழிக்க வேண்டும். எழ வேண்டியவன் எழாமல் இருந்தால், அடுத்தவனின் தூக்கம் மட்டுமல்ல, எல்லோரின் உயிரும் போகும்.

ஆகவே ஒரு மனிதனை, ஓர் ஊரை, ஒரு நாட்டை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: நம்மை நம்பி யார் யார் கண்மூடலாம்? நம் வீட்டார் மூடலாம். நம் தெருவார் மூடலாம். நம் சாதி, நம் மொழி, நம் நாட்டார் மூடலாம். அதற்கு மேல் யார்? அந்தக் கேள்வி எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அந்த இடத்தில் நம் படகு முடிகிறது. போர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த விளிம்பை ஓர் ஆள் அளவுக்கேனும் தள்ளி வைப்பது நம் கையில் இருக்கிறது. காசாவும் குமானாவும் ஒரு சிறு ஓடத்தில் ஏறி அதைச் செய்தார்கள். நமக்கு வெளியே என்று நாம் நினைத்திருந்த ஒருவர், நம் விழிப்பை நம்பி அஞ்சாமல் தூங்கத் தொடங்கும் இரவில், உலகத்தில் அந்த அளவுக்குச் சமாதானம் உண்மையாகவே கூடியிருக்கிறது.